எந்தக் கதவு மூடும் என்று மட்டும் சொல்

டாலின், எஸ்டோனியா
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள சேகர்,

இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நாலு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டு நினைப்பு வருகிறது, ஏழு மணிக்குக் கண் சொக்குகிறது, நடுராத்திரியில் முழிப்பு தட்டி ரசம் ஞாபகம் வருகிறது. தடித்த கறுப்பு ரொட்டி, அதன்மேல் ஒரு சின்ன ஊறுகாய் மீன், அவித்த முட்டையில் பாதி. இதுதான் ஊர்ச் சாப்பாடு. முதல் கடி நன்றாகத்தான் இருக்கிறது. நாலாவது கடியில் உங்கள் வீட்டு மோர் மிளகாய்க்கு மனசு ஏங்குகிறது.

ஆபீஸ் வேலை முடிந்து கூட வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நான் லீவு போட்டுத் தங்கிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். என் தலையில் 'டிஸ்கோ எலிசியம்' கேமைக் கட்டியவன் நீ. அது பிறந்த ஊருக்கே வந்துவிட்டு முடிக்காமல் விமானம் ஏற மனசு வரவில்லை.

இந்தக் கடிதத்தை உன் தங்கையும் பிரித்துப் படிப்பாள் என்பதால் அவளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் குர்விட்ஸ் என்ற எஸ்டோனிய எழுத்தாளர் 2013-இல் ஒரு நாவல் வெளியிட்டார். அது விற்கவில்லை. அதே கற்பனை உலகத்தை வைத்து நண்பர்களோடு சேர்ந்து அவர் செய்த கேம் 2019 அக்டோபரில் வந்தது. அந்த வருஷ கேம் அவார்ட்ஸ் விழாவில் நாலு பரிசுகளை அள்ளிக்கொண்டது. அந்தக் கேமில் சண்டைத் திரையே கிடையாது. குடித்துக் குடித்துப் பெயர்கூட மறந்துபோன ஒரு துப்பறியும் போலீஸ்காரன், கூட கிம் கிட்சுராகி என்கிற லெஃப்டினன்ட், மரத்தில் தொங்கும் ஒரு பிணம், மார்ட்டினேஸ் என்கிற பாழடைந்த துறைமுகப் பேட்டை. மிச்சமெல்லாம் பேச்சு. பத்து லட்சம் சொற்களுக்கு மேல் பேச்சு. தமிழில் இல்லை. ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் ஓட்டுகிறேன்.

இந்த ஊரில் நடக்கும்போது மார்ட்டினேஸ் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. கடலோரத்தில் லின்னாஹால் என்று ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டிடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸின் பாய்மரப் படகுப் போட்டிகள் இந்த ஊரில் நடந்ததால் எழுப்பியது. இப்போது மூடிக் கிடக்கிறது. படிகள் உடைந்து புல் முளைத்திருக்கிறது, சுவரெல்லாம் கிறுக்கல். இன்னும் கொஞ்ச தூரம் போனால் பட்டாரெய் கோட்டை. ஜார் காலத்தில் கட்டி, 1920-லிருந்து 2002 வரை சிறையாக இருந்தது. கேமிலும் கடலுக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும், ஞாபகம் இருக்கிறதா? இதைப் பார்த்துத்தான் அதை வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் குளிரில், அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

கேமில் முதல் இரண்டு நாள் கதை கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. மூன்றாம் நாள் காலையில் மதகுப் பாலம் சரியாகி, அந்தப் பக்கக் கடற்கரை திறக்கிறதே, அங்கேதான் கையை விட்டுவிடுகிறது. மீனவக் குடிசைகள், பாழடைந்த சர்ச், அதற்குள் உட்கார்ந்து மௌனத்தை ஆராயும் ஒரு புரோகிராமர் பெண், அந்த சர்ச்சையே நடனக் கிளப்பாக்கத் துடிக்கும் கூடாரத்துப் பிள்ளைகள், யாரும் கண்டிராத பூச்சிக்குப் பொறி வைத்துக் காத்திருக்கும் பெரியவர், வாயைத் திறக்காத சலவைக்கார அம்மா. இதற்கு நடுவே, கொலையைப் பற்றித் தெரிந்த அந்தப் பெண் எங்கே ஒளிந்திருக்கிறாள் என்றும் பார்க்க வேண்டும். நோட்டில் வேலைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. எதை முதலில் செய்வது என்று கேம் மூச்சு விடவில்லை.

போதாக்குறைக்குப் பகடை. இரண்டு பகடை உருட்டி, நம் திறமைப் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பது. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அது பூட்டிக்கொள்ளும். அந்தத் திறமையில் இன்னொரு புள்ளி போட்டாலோ நிலைமை மாறினாலோதான் மறுபடி திறக்கும். சிவப்பு ஒரே தடவைதான். மொத்தம் 24 திறமைகள். இருந்த புள்ளிகளையெல்லாம் நான் செலவழித்தாயிற்று. திரும்பின பக்கமெல்லாம் பூட்டு.

தங்கும் விடுதியில் என் அறையில் இன்னொருவன் இருந்தான். எந்த ஊர்க்காரன் என்பது இங்கே முக்கியமில்லை. லேப்டாப் திரையைப் பார்த்த உடனே, "ஓ, இதுவா! கொலை பண்ணியது யார் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். கேட்கவில்லை. "சரி, பேர் சொல்லமாட்டேன், ஆனா தீவுல" என்று இழுத்தபோது தலையணையால் காதை மூடிக்கொண்டேன். ராத்திரி முழுக்க எரிச்சல். உதவி செய்தேன் என்ற திருப்தியோடு அவன் குறட்டை விட்டான் பார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் தண்ணீர் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்க சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். இந்த ஊரில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் பத்து சென்ட் முன்பணம் பிடித்துவிடுகிறார்கள். கடை வாசலில் ஒரு மெஷின். அதன் வட்டமான ஓட்டைக்குள் பாட்டிலை, அடிப்பக்கம் முன்னால் போகிற மாதிரி வைத்தால், சிவப்பு வெளிச்சத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்கோடைப் படிக்கிறது. பிடித்தால் விழுங்கி உள்ளே நசுக்குகிறது. பிடிக்காவிட்டால் திருப்பித் தள்ளுகிறது. கடைசியில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு. அதைக் கவுன்ட்டரில் கொடுத்துக் காசாகவோ சாமானாகவோ வாங்கிக்கொள்ளலாம். கேமில் நம் போலீஸ்காரன் அறை வாடகை கொடுக்க வழியில்லாமல், மஞ்சள் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் பாட்டில் பொறுக்குவானே! அது யாரோ வேடிக்கைக்காக எழுதியது என்றே இத்தனை நாள் இருந்தேன். இங்கே எனக்கு முன்னால் ஒரு கிழவர் இரண்டு சாக்கு நிறைய வைத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

போனை எடுத்து மெஷினைப் படம் பிடித்தேன். பின்னால் நின்ற ஒரு பெண், கல்லூரி வயசு இருக்கும், "இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். கேமின் பெயரைச் சொன்னேன். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. இந்த ஊரில் அதுவே பெரிய வரவேற்பு. "எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?" என்றாள்.

அந்தக் கேள்வியை நீ கவனிக்க வேண்டும். என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை, முடித்தாயிற்றா என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் இருக்கிறாய் என்றுதான் கேட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பால்டி யாம் சந்தை இருக்கிறது. அங்கே ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்தோம். அவள் கோஹுக்கே என்று ஒன்று வாங்கிக்கொடுத்தாள். சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி, குளிரக் குளிர. அது மட்டும் பிடித்தது. அவள் கையில் பாட்டில் சீட்டு இருந்தது. அதைத் திருப்பி வைத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் காத்திருக்கும் வேலைகள். வலது பக்கம் காத்திருக்காத வேலைகள்.

அப்புறம் கேள்விதான். துறைமுகத்தில் படகோடு நிற்கிற கம்பெனி அம்மாவிடம் எல்லாம் பேசியாயிற்றா? இல்லை என்றேன். வலது பக்கம் எழுதினாள். உங்கள் துப்பாக்கி கிடைத்ததா? தேடவே இல்லை என்றேன். வலது பக்கம். கிம் உங்களை நம்புகிறாரா? இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வலது பக்கம் எழுதி அடிக்கோடும் போட்டாள். பூட்டிக் கிடக்கிற வெள்ளைச் சோதனைகளைப் பற்றி நான் புலம்பியபோது, "எல்லாவற்றையும் ஜெயிக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தாள். சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போய் பகடையை மறுபடி உருட்டாதீர்கள் என்றாள். தோற்றால் என்ன ஆகிறது என்பதையும் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் படிக்காமல் போனால் பாதி கேமைத்தான் படித்ததாக அர்த்தம் என்றாள்.

எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான். "நீங்கள் தேடுகிற பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டு ஹோட்டல் வாசல் சதுக்கத்துக்குத் திரும்பும்போது, எல்லாம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பழைய மார்ட்டினேஸ் இருக்காது." அங்கே என்ன நடக்கும் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பதில் வராது என்று புரிந்ததும் நானும் டீயைக் குடித்தேன்.

இந்த ஊர்க்காரர்களின் மௌனம் முதல் சில நாள் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. லிஃப்டில் ஒரு தலையாட்டல் கிடையாது, கடையில் ஒரு 'வாங்க' கிடையாது. நம் ஊர் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் வழி கேட்டுப் பார்: நாலு பேர் கூடி, வழியையும் சொல்லி, யார் வீட்டுக்கு, என்ன விசேஷம் என்று விசாரித்து, அவர் ஊரில் இல்லை, நேற்றே கிளம்பிவிட்டார் என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் நாமே போய்க் கதவைத் தட்டித் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டார்கள். என் அறைக்காரனும் அந்தச் சாதிதான், பாவம். கேட்ட அளவுக்குச் சொல்லிவிட்டு நிறுத்துவதற்கு ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு அது ரத்தத்தில் இருந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரே பாதையில் போகிற கேமில் மாட்டிக்கொண்டவனுக்கு அடுத்த அடியைச் சொன்னால் போதும், அவன் கிளம்பிவிடுவான். பாதைகள் பிரிந்துவிட்ட பிறகு அடுத்த அடி என்று ஒன்று கிடையாது. பத்து அடி இருக்கிறது, பத்தும் சரிதான். அங்கே 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று வரிசை போட்டுக் கொடுப்பவர், தான் விளையாடிய விளையாட்டை நம் கையால் இன்னொரு தடவை விளையாடிக்கொள்கிறார். நமக்கு வேண்டியது வேறு: எந்தக் கதவு நமக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், எப்போது மூடும் என்ற தகவல். அது தெரிந்தால் மற்றதை நாமே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சின்னச் சீட்டில் அவள் எழுதித் தந்தது அதை மட்டும்தான். ஒரு பெயர் இல்லை, ஒரு விடை இல்லை.

கேமுக்கு வெளியிலும் இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். வேலை மாறுவதா வேண்டாமா என்று போன வருஷம் நான் குழம்பியபோது எத்தனை பேர் எத்தனை வரிசை போட்டுக் கொடுத்தார்கள், உனக்கே தெரியும். இன்ன தேதிக்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது, அதற்குள் யோசி என்று சொன்னவர் உன் அப்பா ஒருவர்தான். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

சந்தையில் டீ குடிக்கும்போது, கேமை உருவாக்கியவர்களைப் பற்றியும் அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். குர்விட்ஸும், படங்களை வரைந்த அலெக்சாண்டர் ரோஸ்டோவும், எழுத்தாளர் ஹெலன் ஹிண்ட்பெரேவும் 2021 கடைசியில் அந்தக் கேமைத் தயாரித்த நிறுவனத்தை விட்டு வெளியே வந்ததும், பிறகு விவகாரம் கோர்ட்டுக்குப் போனதும் நீ படித்ததுதான். "அவர்களுக்கும் ஒரு சதுக்கம் வந்தது" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

அப்புறம் அவள் சீட்டின் வலது பக்க வேலைகளை ஒவ்வொன்றாக முடித்தேன். கம்பெனி அம்மாவிடம் விட்டுப்போன கேள்விகளையெல்லாம் கேட்டேன். அப்பா, அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது! துப்பாக்கியைத் தேடி அலைந்தேன். கிம் முன்னால் அசட்டுத்தனமாக எதுவும் செய்யாமல் நாகரிகமாக நடந்துகொண்டேன், முடிந்த மட்டும். நேற்று ராத்திரி கேமில் ஒளிந்திருந்த பெண்ணைக் கண்டுபிடித்து, சதுக்கத்துக்கும் திரும்பினேன். என்ன நடந்தது என்று உன் தங்கையை முன்னிட்டு எழுதமாட்டேன். முன்பே செய்து வைத்த சின்னச் சின்ன வேலைகள் பகடையோடு ஒன்று, இரண்டு என்று வந்து கூடியபோது, அடிக்கோடு ஏன் போட்டாள் என்று விளங்கியது. ஒரு சிவப்புச் சோதனையில் தோற்றேன். திரும்பிப் போய் உருட்டவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வெகு நேரம் தூங்காமல் கிடந்தேன். அறைக்காரன் "முடிஞ்சுதா?" என்றான். முடிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இல்லாவிட்டால் மிச்சத்தையும் சொல்லியிருப்பான்.

இனி கேமில் கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். விமானம் ஏறுவதற்குள் முடித்துவிடுவேன். உன் தங்கை விளையாட ஆரம்பித்தால் அவளிடம் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று மட்டும் கேள். எனக்குப் பதில் எழுதும்போது ஊர் நிலவரம் எழுது, மழை எப்படி என்று எழுது, அப்பா உடம்பைப் பற்றி எழுது. தீவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதாதே.

அன்புடன்,
உன் ரவி