சாவிக்கொத்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய மனநல நெருக்கடி மையத்தின் அன்றாட நிர்வாகம் என் வேலை. நான் டாக்டரும் இல்லை, ஆலோசகனும் இல்லை. என்னிடம் இருப்பவை ஏழு சாவிகள் கொண்ட ஒரு கொத்து, ஒரு ரிஜிஸ்தர், ஒரு டெலிபோன். காலை எட்டரைக்கு வாசலைத் திறக்கிறேன். மருந்து அலமாரியின் இருப்பை நர்ஸம்மாவோடு சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடுகிறேன். கழிப்பறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா என்று தினம் ஒருமுறை பார்க்கிறேன். யார் எந்த அறையில் உட்காருவது, யாருக்கு விடுப்பு, நேற்று ஒரு மரணச் செய்தியைக் கேட்ட ஆலோசகரை இன்று புதிதாக வருகிறவர் முன்னால் உட்கார வைக்கலாமா, இவை என் தீர்மானங்கள். மனசின் ஆழம் என்று சொல்ல இவற்றில் எதுவும் இல்லை. நாற்காலி, டீ, பஸ் நேரம்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவன் நான். 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்த திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வருகிறேன். மௌனி தம் பிற்கால வாழ்வைக் கழித்து 1985-இல் காலமானது சிதம்பரத்தில். வாரம் ஒருமுறை மையத்து வேலையாக அங்கேயும் போகிறேன். சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று நின்று நின்று போகும் பஸ். இந்த இருவரையும் படித்தவனுக்கு மனசு என்பது இறங்கிப் பார்க்க வேண்டிய ஒரு கிணறு. அடியில் காரணம் கிடக்கும், அதை எடுத்து மேலே போடுவதே எழுத்தின் வேலை, வைத்தியத்தின் வேலையும் அதுவே என்று நம்பியிருந்தேன். மையத்தில் சேர்ந்ததும் அந்த நம்பிக்கையோடுதான்.

ரிஜிஸ்தரில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் பொறுப்பேற்றபோது பழைய பக்கங்களைப் புரட்டினேன். வயிற்றுவலி. வயிற்றுவலி. குடும்பத் தகராறு. வயிற்றுவலி. நம் தினசரிகளில் 'தீராத வயிற்றுவலி' என்று படித்துப் பழகிய அதே வார்த்தை. அது எங்கிருந்து வந்தது என்பது கடினமான புதிர் இல்லை. உயிரை விட முயல்வதே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவுப்படி குற்றமாக இருந்தது. போலீஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லத் தகுந்ததாக, யாரையும் காட்டிக்கொடுக்காததாக ஒரு காரணம் தேவைப்பட்டது. வயிறு அதற்கு உதவியது. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-இல் அமலான புதிய சட்டத்தொகுப்பில் அந்தப் பழைய பிரிவே இல்லை. சட்டம் போன பிறகும் வார்த்தை போகவில்லை. நாடு முழுவதற்கும் தேசியக் குற்ற ஆவணப் பிரிவு எடுக்கும் கணக்கிலும் ஒரு காரணக் கட்டம் இருக்கிறது. 2022-இல் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நாட்டின் மொத்தத்தில் குடும்பப் பிரச்சினை 31.7 சதம், நோய் 18.4 சதம். இந்த 'நோய்' என்ற கட்டத்துக்குள் நம் வயிற்றுவலிகள் எத்தனை சுருண்டு கிடக்கின்றன என்று யாரும் பிரித்துப் பார்த்துவிட முடியாது.

இந்த வார்த்தையை வெளியேற்றுவது என் பணி என்று நினைத்துக்கொண்டேன். ஆலோசகர்களிடம் சண்டை பிடித்தேன். 'வயிற்றுவலி என்று எழுதாதீர்கள், உண்மையான காரணத்தைக் கேட்டு எழுதுங்கள்.' கட்டத்தை அகலமாக்கி ரிஜிஸ்தரைப் புதிதாக அச்சடித்தேன். பக்கங்கள் கடன், கணவன், சீட்டுப் பணம், பரீட்சை, சந்தேகம் என்று நிறைந்தன. படிக்கச் சிறுகதைத் தொகுப்புப் போல இருந்தது. எனக்குத் திருப்தி.

ஒரு புதன்கிழமை மாலை ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். நான் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஆலோசகர்கள் இருவரும் போயாயிற்று. டாக்டர் சிதம்பரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் வந்து நின்றார்கள். சிதம்பரத்தில் பஸ் மாறி வந்ததில் நேரமாகிவிட்டது. பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். எதுவும் பேசவில்லை. மாமியார்தான், "ராத்திரி தூங்க மாட்டேங்குது சார், என்னென்னமோ பேசுது" என்றாள். நான் மரியாதையாகத்தான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை காலையில வாங்கம்மா. டாக்டர் இருப்பாரு. முதல் சீட்டு உங்களுக்கு." சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள்.

"அதுவரைக்கும் எங்க சார் இருக்கறது?"

தங்குவதற்கு இடம் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்துக்கு அடுத்த பஸ் ஆறேகாலுக்கு என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் அவளைப் பார்த்தேன். பிழைத்துவிட்டாள். கேஸ் ஷீட்டில் 'வயிற்றுவலி' என்று எழுதியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பழி சொல்லும் முகம் இல்லை. நான் என் வழக்கப்படி காரணத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "என்னான்னு சொல்றது சார். அந்த நேரம் அது வீட்டுல இருந்துச்சு. இல்லாட்டி அழுதுட்டுத் தூங்கியிருப்பேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்த வாக்கியம் மட்டுந்தான் இருந்தது. நான் காரணத்தைக் கேட்டேன். அவள் தூரத்தைச் சொன்னாள். புதன்கிழமை கேட்டதும் அதைத்தான். அவள் மனசுக்குள் இருந்ததற்கும் மூலையில் இருந்த பூச்சிமருந்துப் புட்டிக்கும் நடுவே அன்று இரவு யார் உட்காருவது என்ற கேள்விக்கு நான் பஸ் நேரம் சொல்லியிருக்கிறேன்.

அவள் பகுதியிலேயே இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். 1986-இல் சென்னையில் ஸ்நேகாவைத் தொடங்கிய டாக்டர் லக்ஷ்மி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டி வைக்க ஊருக்குப் பொதுவாக ஓர் இடமும் பெட்டிகளும் கட்டிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்டார்கள். 2013-இல் வெளியான முடிவு பெட்டிகள் இருந்த கிராமங்களுக்குச் சாதகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதிகம் சுமத்தக் கூடாது. ஆனால் இலங்கையில் 180 கிராமங்களில், 53,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்தார்கள். பலன் தெரியவில்லை. அதே இலங்கையில் கடும் நச்சு மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், 1995-க்குப் பிறகு பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பூட்டைப் பற்றி ஒன்று விளங்குகிறது. சாவி அதே வீட்டு ஆணியில் தொங்கும்போது பூட்டு பெயருக்குத்தான் பூட்டு. ஊர்ப் பொது இடத்துக்கு நடந்து போக வேண்டும். வழியில் யாராவது 'எங்கே இந்த நேரத்தில்' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் காக்கிறது. நெருக்கடியின் உச்சம் பல பேருக்கு மணிக்கணக்கில் நீடிப்பதில்லை. அது தணிகிறவரைக்கும் ஒரு நடை, ஒரு ஆள், ஒரு தாமதம் போதும்.

நாமோ வெகுகாலமாக எதைப் பூட்டி வந்தோம்? 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் வெந்து போனார்கள். மருந்துப் புட்டி திண்ணை மூலையில் திறந்து கிடக்க, மனுஷனைச் சங்கிலியில் கட்டியிருக்கிறோம். சங்கிலியை இப்போது சட்டம் தடுக்கிறது. புட்டியைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

காரணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடனும் அடி உதையும் காரணங்கள்தான். அவற்றைத் தீர்க்காமல் யாரையும் நிரந்தரமாகக் காப்பாற்ற முடியாது. டாக்டரும் ஆலோசகரும் மாதக்கணக்கில் அந்தக் கிணற்றில் இறங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் இரவைக் கடந்து வந்தவரிடம்தான் இரண்டாம் நாள் காரணத்தைக் கேட்க முடியும். ஆழத்தின் மேல் எனக்கிருந்த மோகம் இந்தச் சின்ன விஷயத்தைப் பார்க்கவிடாமல் செய்தது. என் இலக்கிய ரசனை ஒரு பெண்ணை ஆறேகால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது என்று எழுதினால் மிகையாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

ரிஜிஸ்தரை மறுபடி அச்சடித்தோம். டாக்டரோடும் நர்ஸம்மாவோடும் உட்கார்ந்து பேசித்தான். காரணக் கட்டம் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. யாராவது வயிற்றுவலி என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறோம். பக்கத்தில் மூன்று புதிய கட்டங்கள்: இன்று இரவு எங்கே? யாரோடு? வீட்டில் இருக்கும் மருந்து யார் கையில்? மாமியாரிடம், புருஷனிடம், அண்ணனிடம் கேட்கிறோம்: "அதை இன்னைக்கே வேற வீட்டுல குடுத்து வெச்சிட முடியுமா?" பெரும்பாலும் முடிகிறது. இதுவரை யாரும் கேட்காததால் செய்யவில்லை, அவ்வளவுதான். சீட்டின் பின்பக்கத்தில் 14416 என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறோம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104-ம் உண்டு. மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னால் மையத்திலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து 'ராத்திரி எப்படி இருந்துச்சு' என்று கேட்க வேண்டும் என்பது விதி. விதியைக் காப்பது என் வேலை.

ஏழு சாவிகளில் வாசல் சாவி இப்போது என் கொத்தில் இல்லை. இரவுக் காவலரிடம் இருக்கிறது. ஆறு மணிக்குப் பிறகு வருகிறவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, எனக்குப் போன் செய்ய அவருக்குத் தெரியும்.

முதல் கட்டம் சில நாள் நிரம்புவதில்லை. இன்று இரவு எங்கே என்றால், சொல்ல ஓர் இடம் இல்லாதவர்களும் வருகிறார்கள். அந்த நாட்களில் நான் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போகிறேன்.