சரயேவோவில் மூன்று நாட்கள்

ஐரோப்பியப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் எழுகின்ற வினாக்கள் இரண்டு. ஹலாலான உணவு கிடைக்குமா? வேளை தவறாமல் தொழ இடமிருக்குமா? பல நகரங்களில் இவ்விரண்டையும் நாம் தேடித்தான் அடைய வேண்டும். ஆனால், பள்ளிவாசலையும் ஏழைகளுக்கான சமையற்கூடத்தையும் நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றியே வளர்ந்த ஐரோப்பிய நகரம் ஒன்றும் உண்டு. அதுவே போஸ்னியா நாட்டின் தலைநகரான சரயேவோ. அதனைக் காண மூன்று நாட்கள் போதுமானவை. அந்நாட்களை எவ்வாறு பகுத்துக்கொள்வது என்பதைச் சிந்தித்துப் புறப்படுவது நலம்.

பால்கன் மலைகளுக்கிடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மில்யாட்ஸ்கா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த ஊர் இது. குளிர்காலத்தில் பனி கொட்டும். எனவே மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே நமக்கு ஏற்றவை. ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு எட்டரை மணியளவில்தான் வரும். குழந்தைகளின் இரவு உணவையும் உறக்கத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல் வழியாக விமானத்தில் செல்லலாம். விசா விதிகள் மாறக்கூடியவை. பயணச்சீட்டு வாங்குமுன் தூதரகத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். அங்குள்ள நாணயம் மார்க். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 1.96 மார்க்.

முதல் நாளைப் பஷ்சார்ஷியா என்னும் பழைய கடைவீதிக்கு ஒதுக்குங்கள். அதன் இதயமாக விளங்குவது காஜி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசல். உதுமானியப் பேரரசின் ஆளுநராக 1521இல் போஸ்னியாவுக்கு வந்த அப்பெருமகனார், ஹிஜ்ரி 937இல், அதாவது 1530-31இல், இதனைக் கட்டினார். இதனோடு ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இலவசமாக உணவளிக்கும் சமையற்கூடம், மதரஸா, நூலகம், அங்காடி ஆகியவற்றையும் அமைத்தார். அங்காடியின் வாடகை அறப்பணிகளுக்குச் சென்றது. வக்ஃபு என்ற ஒற்றைச் சொல்லின் மீது ஒரு நகரமே எழுந்ததை இங்கே கண்ணாரக் காணலாம். அவருடைய அடக்கவிடம் பள்ளியின் முற்றத்திலேயே உள்ளது.

அந்நாட்டு முஸ்லிம்கள் ஹனஃபி மத்ஹபினர். சுப்ஹு தொழுகையில் குனூத் ஓதப்படவில்லையே என்று நம் ஷாஃபிஈ சகோதரர்கள் திகைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அருகிலுள்ள மணிக்கூண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சூரியன் மறையும் வேளையே அதற்குப் பன்னிரண்டு மணி! பகலின் நீளம் மாற மாற, அதனைத் திருத்தி வைக்கின்றனர்.

இனி உணவு. விரல் போன்ற சிறு இறைச்சி உருண்டைகளைக் கரியடுப்பில் சுட்டு, சோமுன் என்னும் தட்டை ரொட்டிக்குள் வைத்து, நறுக்கிய வெங்காயத்துடன் தருவார்கள். இதுவே செவாப்பி. அடுத்தது புரெக். மெல்லிய மாவுத்தாளில் இறைச்சியைச் சுருட்டிச் சுடுவது இது. இறைச்சி வைத்ததற்கு மட்டுமே அங்கே புரெக் என்று பெயர். பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா. பெயரை மாற்றிச் சொன்னால் கடைக்காரர் புன்னகையுடன் திருத்துவார். கோழியும் வெண்டைக்காயும் சேர்த்துக் காய்ச்சும் 'பேகோவா சோர்பா' நம் நாவுக்கு அந்நியமாகத் தோன்றாது. சோர்பா என்பதும் நம் வீடுகளில் புழங்கும் ஷோர்பாதான். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நகரின் புதிய பகுதிகளில் மதுவும் பன்றி இறைச்சியும் விற்கும் விடுதிகள் உண்டு. அங்கே கேட்டறிந்தே அமர வேண்டும்.

இரண்டாம் நாளில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பிப்ரவரி வரை நீடித்தது. மொத்தம் 1,425 நாட்கள். சுற்றியுள்ள மலைகளிலிருந்து பீரங்கிகள் முழங்கின. அதன் 20ஆம் ஆண்டு நினைவாக 2012இல் நகரின் முதன்மை வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகள் வரிசையாக வைக்கப்பட்டன. கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வெற்று நாற்காலி!

விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் 1993இல் தோண்டிய சுரங்கப்பாதையின் ஒரு பகுதியை இன்றும் காணலாம். சுமார் 800 மீட்டர் நீளமுள்ள அப்பாதை வழியேதான் உணவும் மருந்தும் நகருக்குள் வந்தன. நேற்று நாம் சுவைத்த அந்த எளிய ரொட்டிக்கு ஒரு காலத்தில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது இங்கே நின்றால் விளங்கும். மர்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று விழுந்த குண்டுக்கு 68 பேர் பலியாயினர். அச்சந்தையில் இன்றும் காய்கனி விற்கிறார்கள். ஒரு கிலோ பழமேனும் அங்கே வாங்குங்கள். கடைவீதிக்கு மேலுள்ள கோவாச்சி மையவாடியில் வெண்ணிற மீஸான் கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஸலாம் கூறி, துஆ செய்து திரும்புங்கள்.

நூல்களும் அப்போரில் தப்பவில்லை. 1992 மே மாதத்தில் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் எரிந்து, 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஆகஸ்டில் தேசிய நூலகமும் தீக்கிரையானது. ஆனால் காஜி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் ஊழியர்கள், உயிரைப் பணயம் வைத்து, அரிய பிரதிகளைப் பெட்டிகளில் சுமந்து இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்தனர். அவற்றுள் ஒன்று, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே படியெடுக்கப்பட்ட 'இஹ்யா உலூமித்தீன்'. 1537ஆம் ஆண்டு வக்ஃபு சாசனத்தில் ஹுஸ்ரவ் பேக், மதரஸா கட்டியது போக எஞ்சும் பணத்தில் நல்ல நூல்கள் வாங்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தார். அந்த எஞ்சிய பணம் விதைத்ததே இந்நூலகம். இதன் புதிய கட்டடம் 2014இல் திறக்கப்பட்டது.

மூன்றாம் நாள் சற்று இளைப்பாறுவதற்கு. போரில் அழிந்து, 2018இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய கம்பிவட ஊர்தியில் ட்ரெபெவிச் மலைக்கு ஏறலாம். இறங்கி வந்து, பள்ளிவாசல், யூத ஆலயம், இரு பிரிவுக் கிறிஸ்தவ ஆலயங்கள் ஆகியவை சில நிமிட நடைத்தொலைவுக்குள் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு செப்புக் கிண்டியில் வரும் போஸ்னியக் காப்பியை அவசரமின்றி அருந்துங்கள். அதனை விரைந்து குடிப்பது அவ்வூர் வழக்கமன்று.

வாங்கி வருவதற்குச் செப்புப் பாத்திரங்கள் பல உண்டு. அவற்றைவிட மேலான ஒன்றையும் கொண்டு வாருங்கள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அல்லாஹ்வுக்காக ஒதுக்கிய பொருளின் பலனை அவ்வூர் இன்றும் நுகர்கிறது. நம் ஊர்களிலும் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபுகள் உள்ளன. அவற்றின் வருவாயில் ஏழையின் பசி தீர்கிறதா, ஒரு நூலாவது வாங்கப்படுகிறதா என்று நம் மஹல்லாவில் கேட்கும் எண்ணம் பிறக்குமானால், இன்ஷா அல்லாஹ், அந்த மூன்று நாட்கள் வீண்போகா.