அவங்க ஊரே அப்படித்தானா?

ஒரு சின்ன டெஸ்ட், ஃப்ரெண்ட்ஸ்! ஜெர்மன்காரர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? கடிகாரம். ஜப்பான்காரர்? குனிஞ்சு ஒரு வணக்கம். ரஷ்யாக்காரர்? சிரிக்கவே மாட்டார். இஸ்ரேல் பசங்க? பத்து ரூபாய் வாடகைக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாங்க. சரி, இதுல எந்த நாட்டுக்காவது நீங்க போயிருக்கீங்களா? பெரும்பாலும் இல்லை. ஆனா பதில் மட்டும் எவ்வளவு ரெடியா இருக்கு, பார்த்தீங்களா!

எங்க ஊர் பிள்ளைச்சாவடி. பாண்டியில இருந்து காலாப்பட்டு போற ஈ.சி.ஆர். மேல இருக்கு. ஒரு பக்கம் கடல். கொஞ்ச தூரத்துல ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்னிக்கு 124 நாட்டு மண்ணைக் கொண்டு வந்து ஒரு தாழியில போட்டு ஆரம்பிச்ச இடம். இன்னிக்கும் ஏறக்குறைய 60 நாட்டு ஆளுங்க அங்கே குடியிருக்காங்க. அதனால எங்க டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தாலே உலக மேப் மடியில வந்து விழும். ஸ்கூட்டர் வாடகைக்கு விடற அண்ணன், இளநி வெட்டற அக்கா, ஆட்டோ ஓட்டற மாமா... எந்த நாட்டுக்காரன் கஞ்சன், எந்த நாட்டுக்காரன் தாராளம்னு ஆளுக்கொரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க.

அவங்க சொல்றது பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொல்றாங்க. யாரைப் பார்த்தாங்கங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

இஸ்ரேல் பசங்களையே எடுத்துக்குங்க. அங்கே ஸ்கூல் முடிச்சதும் பசங்க, பொண்ணுங்க ரெண்டு பேருக்குமே கட்டாய ராணுவ சேவை. ரெண்டு வருஷத்துக்குக் குறையாது. பசங்களுக்கு இன்னும் அதிகம். அதை முடிச்ச கையோட பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாசக்கணக்குல ஊர் சுத்தறது நிறைய பேருக்கு ஒரு வழக்கம். ஆக, ஆட்டோ மாமா பார்த்தது 21, 22 வயசுல, யூனிஃபார்மைக் கழட்டி வெச்ச ஜோருல, எண்ணி எண்ணிச் செலவு பண்ற பசங்களை. நம்ம ஹாஸ்டல் பசங்களை ரெண்டு வருஷம் துப்பாக்கியோட நிக்க வெச்சுட்டு, அப்புறம் கோவாவுல அவிழ்த்து விட்டா எப்படி இருக்கும்? அங்கே இருக்கற ஸ்கூல் டீச்சரும், பாட்டியும், பஸ் டிரைவரும் பிள்ளைச்சாவடிக்கு வந்ததே இல்லையே!

அடுத்து, கஞ்சன் லிஸ்ட். 'அமெரிக்காக்காரர் டிப்ஸ் கொட்டுவார், ஃப்ரெஞ்சுக்காரர் சில்லறையைப் பொறுக்கிக்கிட்டுப் போவார், ஜப்பான்காரர் ஒண்ணுமே வைக்க மாட்டார்'னு ஓட்டல் சர்வர் அண்ணன் அடிச்சுச் சொல்வார். காரணம் மனசு இல்லை பாஸ், சட்டமும் பழக்கமும்! அமெரிக்காவுல டிப்ஸ் வாங்கற ஊழியருக்கு மத்திய அரசு வெச்சிருக்கற அடிப்படை சம்பளம் மணிக்கு வெறும் 2.13 டாலர். 1991-ல இருந்து அது மாறவே இல்லை. டிப்ஸை நம்பித்தான் அங்கே பல சர்வர்களோட பொழப்பு. ஃப்ரான்ஸ்ல சர்வீஸ் கட்டணத்தை மெனு விலையிலேயே சேர்த்துப் போடணும்னு விதி. ஜப்பான்ல டிப்ஸ் கொடுக்கற வழக்கமே கிடையாது, கொடுத்தா சங்கடப்படுவாங்க. நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்குதான். ஆனா அது ரத்தத்துல இல்லை, ரசீதுல இருக்கு!

அதுலயும் 'ஃப்ரெஞ்சுக்காரன்னா இப்படித்தான்'னு பாண்டியில நின்னுக்கிட்டு சொல்றது இருக்கே, அதுதான் பெரிய காமெடி. 1954 நவம்பர் 1 அன்னிக்கு நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962-ல ஒப்பந்தம் சட்டப்படி அமலானப்போ, விருப்பப்பட்டவங்க ஃப்ரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு வாய்ப்பு கொடுத்தாங்க. அப்படி எடுத்துக்கிட்டவங்க குடும்பங்கள் இன்னிக்கும் இங்கே இருக்கு. ஃப்ரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன 'சொல்தா' தாத்தாக்கள் அங்கேயிருந்து பென்ஷன் வாங்குவாங்க, ஃப்ரான்ஸ் அதிபர் தேர்தல்ல ஓட்டுப் போடுவாங்க, மத்தியானம் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்குவாங்க. இவரும் ஃப்ரெஞ்சுக்காரர்தானே? இவரை உங்க லிஸ்ட்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க?

இதெல்லாம் டீக்கடைப் பேச்சு, யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்கறீங்களா? எனக்கு ஆச்சு. ப்ராஜெக்ட்டுக்காக ரெண்டு மாசம் சென்னையில தங்க வேண்டியிருந்தது. ரூம் பார்த்தாச்சு, பிடிச்சாச்சு, அட்வான்ஸ் பாக்கெட்ல. கடைசியா ஹவுஸ் ஓனர் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" பாண்டின்னேன். முகம் மாறிடுச்சு. "தப்பா நினைக்காதப்பா... பாண்டிப் பசங்கன்னா ராத்திரி பாட்டில் சத்தம் வரும். எங்களுக்கு ஒத்து வராது." எங்க அப்பா விடியக்காலம் மூணு மணிக்கு வலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குப் போறவர். எனக்கு டீயைத் தாண்டி எதுவும் பழக்கம் இல்லை. அதைச் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள கேட் சாத்திடுச்சு. மூணு வாரம் ஃப்ரெண்ட் ரூம் தரையில படுத்து, தினம் ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

அந்த ஓனர் பாண்டியில குடிகாரங்களைப் பார்த்திருப்பார், மறுக்கலை. சனி ஞாயிறுல பீச் ரோட்டுல யார் வேணா பார்க்கலாம். வரி கம்மி, சரக்கு விலை கம்மி. அதனால வர்றாங்க. எங்கே இருந்து? சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும்தான்! அவர் பார்த்தது பாதிக்கு மேல அவர் ஊர் ஆளுங்களா இருக்கும். கெட்ட பேர் மட்டும் எங்களுக்கு! எங்க ஊர்ல கடல் அரிப்புல வீடுங்க இடிஞ்சு விழுந்திருக்கு. வீக் எண்ட் பார்ட்டிக்கு வர்றவங்க கண்ணுல அது படறதே இல்லை.

அதனால ஒரு சின்ன பழக்கம் ட்ரை பண்ணிப் பாருங்க. 'ரஷ்யாக்காரங்க சிடுமூஞ்சி'ன்னு வாய் வரைக்கும் வந்தா, 'நேத்து வந்த அந்த ஆள் சிரிக்கலை'ன்னு மாத்திச் சொல்லுங்க. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஊர், பேர், வேலைன்னு ரெண்டு கேள்வி கேட்டுப் பார்த்தா, அந்த ஆளே வேற மாதிரி தெரிவார்.

இதுல நமக்கும் பங்கு இருக்கு. உங்கள்ல பல பேர் நாளைக்கு மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போகப் போறீங்க. அங்கே ஒரு எஸ்கலேட்டர்ல வழியை மறிச்சுக்கிட்டு நாலு பேர் அரட்டை அடிச்சா, பின்னாடி நிக்கறவர் உங்க பேரைச் சொல்லித் திட்ட மாட்டார். 140 கோடி பேரையும் சேர்த்துத் திட்டுவார்.

கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பாஸ்!