கூகுள் மேல் போட்ட பழி

"கூகுள்காரன் மறுபடியும் அல்காரிதத்தை மாத்திட்டான் அண்ணே." காஞ்சிபுரத்தில் பட்டுக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பிழைத்த காலத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இது. சில சமயம் உண்மையும்கூட. 2011-ல் பாண்டா, 2012-ல் பெங்குவின் என்று கூகுள் தன் தரவரிசை முறையைத் திருத்தியபோது உலகம் முழுக்க எத்தனையோ தளங்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. ஆனால் நான் அதைச் சொன்ன முக்கால்வாசி நேரம் கூகுள் எதையும் மாற்றியிருக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டவன் நான்தான். ஜரிகையைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் மனிதர்களுக்குத் தளத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைக்குத்தான் மாதாமாதம் பணம் வாங்கினேன்.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி போட்டு, நேரடியாக விற்க ஆசைப்பட்ட நெசவாளர் ஒருவர். அவருக்கு வேர்ட்பிரஸ்ஸில் தளம் செய்தேன். வேலை நடக்கும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்' என்ற பொருளில் அமைப்புப் பக்கத்தில் ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்து வைத்திருந்தேன். தளத்தைத் திறந்துவிட்ட அன்று அந்த டிக்கை எடுக்க மறந்தேன். தை போனது, மாசி போனது. முகூர்த்த சீசன் முழுக்கக் கூகுளின் வாசலில் 'உள்ளே வராதே' என்று நானே எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். "நம்ம பேரை அடிச்சாலே வரலையே தம்பி" என்றார் அவர். "புதுத் தளம்ணே. கூகுள் நம்பறதுக்கு ஆறு மாசமாவது ஆகும்" என்றேன். பிறகு ஒரு ராத்திரி தற்செயலாக அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. டிக்கை எடுத்து, கூகுளின் சர்ச் கன்சோலில் போய்த் தளத்தைப் பார்வையிடச் சொல்லிக் கேட்டேன். சில நாளில் பெயர் வந்துவிட்டது. "பார்த்தீங்களா, நம்ம வேலை பலிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லி அந்த மாதப் பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பணத்துக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் தலைப்பகுதியில் தேடுசொற்களை அடுக்கும் ஓர் இடம் உண்டு. வலைத் தேடலில் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. எனக்கும் அது தெரியும். இருந்தும் காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம், காஞ்சீவரம் என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் அங்கே கொட்டி, அதே பட்டியலை மாத அறிக்கையில் அச்சடித்துக் கொடுத்தேன். பார்க்க வேலை செய்தது போலவே இருக்கும். சென்னை, கோவை, மதுரை, சேலம் என ஊருக்கு ஒரு பக்கம் போட்டேன். ஊர்ப் பெயரைத் தவிர ஓர் எழுத்து மாறாது. வெளித் தள இணைப்புகளையும் விலைக்கு வாங்கினேன். கல்யாணப் பட்டு எங்கே எடுக்கலாம் என்று விசாரித்தால் நாலு பேர் ஒரே கடையைச் சொல்வார்கள் அல்லவா, ஒரு தளத்தை இன்னொரு தளம் சுட்டுவதும் அப்படி ஒரு சிபாரிசுதான். 1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் இந்த யோசனையில்தான் ஆரம்பித்தார்கள். எங்கள் நெசவாளருக்கு நான் சிபாரிசு வாங்கித் தந்ததோ சூதாட்டத் தளங்களிடமிருந்தும் மருந்து விற்கும் தளங்களிடமிருந்தும்.

2019-ஐச் சொல்லாமல் விட்டால் இது பாதி வாக்குமூலம்தான். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர், 1979-க்குப் பிறகு அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி தரிசனம் தரத் தொடங்கினார். மொத்தம் 48 நாள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஊர் தாங்காத கூட்டம். தமிழ்நாடே போனில் தேடிக்கொண்டிருந்த வார்த்தையை விட மனசு வருமா? சேலை விற்கும் தளத்தில் 'அத்திவரதர் தரிசன நேரம்' என்று ஒரு பக்கம் போட்டேன், நாலைந்து செய்திகளிலிருந்து பொறுக்கி. கூட்டத்துக்குத் தகுந்தபடி நேரமும் வழியும் மாறிக்கொண்டே இருந்தன. என் பக்கம் மாறவில்லை. நடந்து போகும் தூரத்தில் கோயில். போய்க் கேட்கவும் இல்லை.

வருகை வரைபடம் கோபுரம் மாதிரி எழும்பியது. அதையும் அச்சடித்துக் கொடுத்தேன். ஆனால் பக்கத்தின் கீழே இருந்தது நெசவாளரின் போன் எண். "வயசான அம்மாவைக் கூட்டிட்டு வரலாமாங்க? வீல் சேர் கிடைக்குமா?" என்று கேட்டு அழைப்புகள். அவர் நெய்த கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா; ஒரு பக்கத்துக் கரைக்கு உதவியாள் வேண்டும். அவர் வீட்டில் அது அவர் மனைவி. இவர் போனை எடுத்தால் தறி நிற்கும், மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெசவாளர் ஒருத்தரிடமும் எரிந்து விழவில்லை, விசாரித்துச் சொன்னார். அந்தப் பக்கத்தால் ஒரு சேலைகூட விற்கவில்லை.

இத்தனை செய்த நான், ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலையைச் செய்யவில்லை. தளத்தில் முக்கால்வாசிப் பக்கங்களுக்குத் தலைப்பு 'முகப்பு'. கூகுள் பட்டியலில் நீல எழுத்தில் முதலில் தெரிவது அந்தத் தலைப்புதான். படங்கள் கேமரா வைத்த எண்ணோடே கிடந்தன. அரக்குச் சேலையா, மாம்பழ நிறமா என்று சொல்ல ஒரு வரி மாற்று விளக்கம் இல்லை. ஒவ்வொன்றும் அத்தனை கனம், போனில் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். கூகுள் மேப்பில் வீட்டின் குறி அடுத்த தெருவில் விழுந்திருந்தது. இதெல்லாம் ரகசியமே இல்லை. 2008-லேயே இதற்கென்று தொடக்கக் கையேடு ஒன்றைக் கூகுளே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. காட்டினால் மாதச் சம்பளம் எதற்கு?

நெசவாளரோ தினமும் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கோர்வை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சேலையை எந்த இடத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும், சில்க் மார்க் முத்திரை பட்டு நூலுக்குத்தான், கைத்தறிக்கு வேறு முத்திரை, மழைக்காலத்தில் பாவு ஏன் தொந்தரவு தரும். பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்பவர்கள் தேடலில் அடிக்கும் கேள்விகளும் இவைதான். பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே எழுதியிருந்தால் போதும். நான் வேறொரு தளத்திலிருந்து எடுத்த 'பாரம்பரியப் பெருமை'யை ஒட்டி வைத்திருந்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதே சமயம் ஒரு கடையின் தளமும் என் கையில் இருந்தது. அங்கே பெரும்பாலும் விசைத்தறிச் சரக்கு, கலப்பு நூல். 'கைத்தறி', 'சுத்தப் பட்டு' என்ற சொற்களைத்தான் ஜனங்கள் தேடுகிறார்கள் என்று தேடுசொல் கருவி காட்டியது. எல்லாச் சேலைப் பெயருக்கும் முன்னால் அவற்றைச் சேர்த்தேன். தெரியாமல் செய்ததல்ல. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கிய 1985-ம் ஆண்டுச் சட்டத்தையும் அதே பக்கத்தில் நானே பெருமையாக எழுதியிருந்தேன். கடை முதல் பக்கத்துக்கு வந்தது. ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும். இறங்கியது பிள்ளையார்பாளையம். இரண்டு பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பின்னால் அந்தச் சொற்களை எடுத்துவிடலாம் என்று கடையில் சொல்லிப் பார்த்தேன். "நல்லாத்தானே போயிட்டிருக்கு?" என்றார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் என்னால் அந்தப் பக்கத்துக்குள் நுழைய முடியாது. நான் வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன.