ஷிஃப்ட் தொடங்கும் முன்பே கடன்

மேடை ஏறுமுன்பே அவள் கடன்காரி. அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்ட்ரிப் கிளப்புகளில் ஆடுகிற பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது. அன்றிரவு ஆட அவள்தான் கிளப்புக்கு ‘ஹவுஸ் ஃபீ’ கட்ட வேண்டும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை என்றால் கைக்காசும் போய், வெறும் பர்ஸோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

கம்பத்தில் உரசி உரசித் தொடையில் கன்றிப்போன தோலையாவது யாருக்கும் காட்டலாம். முன்பின் தெரியாதவனின் விவாகரத்துக் கதைக்கு இரவெல்லாம் தலையாட்டி, கன்னம் வலிக்கச் சிரித்த சிரிப்பை எங்கே காட்டுவது? விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983-இல் இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று எழுதினார். ஒரு நாள் கண்ணாடி முன் லிப்ஸ்டிக்கை எடுத்த கை அப்படியே நின்றுவிடுகிறது. சோம்பல் இல்லை; சரக்கு தீர்ந்துவிட்டது.

‘லீவு போடு, யோகா செய்’ என்பார்கள். லீவு போட்டால் வாடகையை யார் கட்டுவது?

சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி கிளப் பெண்கள் வேறு வழி பார்த்தார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாடிக்கையாளர்கள் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பதைப் பொறுக்காமல் சங்கம் கட்டினார்கள்; 1997-இல் ஒப்பந்தம், அதில் நோய் விடுப்பும் உண்டு. 2003-இல் கிளப்பையே கூட்டுறவாக வாங்கிப் பத்து வருடம் நடத்தினார்கள்.

2024-இல் வாஷிங்டன் மாநிலம் ஹவுஸ் ஃபீக்கு உச்சவரம்பு வைத்தது. கட்டாத பாக்கியை அடுத்த ஷிஃப்டில் ஏற்றவும் தடை. அங்கே செவ்வாய்க்கிழமையின் நஷ்டம் செவ்வாய்க்கிழமையோடு சரி.