தட்டுக்குக் கீழே இருந்த ஈரம்



சமையலும் பிள்ளை வளர்ப்பும் எழுதப்படும் பக்கத்தில் இவள் என்ன பைபர் படகைப் பற்றி எழுத வந்திருக்கிறாள் என்று முகம் சுளித்துவிடாதீர்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்திருப்பது நயினாதீவுக்கு. குறிகட்டுவானிலிருந்து லாஞ்சில் ஏறினால் இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனால் மாலையில் கடைசி லாஞ்சு போய்விட்டால், வீட்டுப் படகுதான் எங்களுக்கு ஆட்டோவும் பஸ்ஸும் அம்புலன்ஸும்.

2023 ஜனவரியில் ஒரு நாள் இரவு பதினொரு மணியளவில் என் மூத்த மகளுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் குறித்திருந்தது இன்னும் மூன்று வாரம் கழித்து. என் கணவரும் இளைய மகனும் படகைத் தள்ளி இறக்கினார்கள். மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நான் முதலில் ஏறினேன். வலது காலை வைத்த இடத்தில் தட்டு பொதுக்கென்று உள்ளே போனது. கணுக்கால் வரைக்கும் குளிர்ந்த தண்ணீர்! படகு ஓட்டையாகிவிட்டதென்றே நினைத்தேன். நல்லவேளை, வெளி ஓடு உடையவில்லை. அணியத்துப் பக்கம் பலகை ஒன்றைப் போட்டு மகளை உட்கார வைத்து, ஒருவழியாக அக்கரை சேர்ந்தோம். விடியற்காலையில் பேத்தி பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கடலில் இருந்த நேரம் முழுக்க, என் காலுக்குக் கீழே இருந்த குளிர் என் நெஞ்சுக்குள் இருந்தது.

வீடு திரும்பியதும் என் கணவர் சுத்தியலின் பிடியால் தட்டெங்கும் தட்டிப் பார்த்தார். நீங்கள் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அப்படித்தான். ஓரங்களில் ‘டக் டக்’ என்று கெட்டியான சத்தம். நடுவில் ‘தொப் தொப்’. சந்தேகமான இடத்தில் சிறு துளை போட்டார். நல்ல மரமென்றால் வெளிறிய காய்ந்த தூள் வரும். எங்களுக்கு வந்தது ஈரத் தேயிலைச் சக்கை மாதிரி ஒரு கறுப்புக் களி.

பைபர் படகு உக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். பைபர் உக்காது. ஆனால் அந்த ஓட்டுக்கு உள்ளே முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் பெரும்பாலும் மரம். எங்களுடையது பதினெட்டு அடிப் படகு. நடுவில் ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று சட்டங்கள். அவற்றின்மேல் ஒட்டுப்பலகைத் தட்டு. எல்லாவற்றையும் பைபர் போர்த்தியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்த் தாங்கியையும் இருக்கைப் பலகையையும் திருகாணி போட்டு இறுக்கிய துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இறங்கியது வெளியேற வழியில்லை, காற்றும் இல்லை. மரம் மெல்ல மெல்லச் செத்துவிடுகிறது. பின்னால் தொங்கும் இயந்திரத்தின் உதறலையும் அலையின் அடியையும் தாங்க வேண்டியவை அந்தச் சட்டங்கள்தான். அவை போனால் ஓடு நெளியத் தொடங்கும். ஒரு நாள் நடுக்கடலில் பிளக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுக்குச் சோதனை வந்தது.

அந்த வாரமே படகை விலைக்குக் கேட்டு ஓர் இளைஞர் வந்தார். வேறு தீவுக்காரர், புதிதாகக் கல்யாணமானவர். வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, வடிவான படகு என்றார். நல்ல விலையும் சொன்னார். அவர் போன பிறகு என் கணவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “புள்ள, மேலால ஒரு பலகை அடிச்சு, பெயின்ற் பூசிக் குடுத்திருவமா? எல்லாரும் அப்படித்தானே செய்யிறாங்க?”

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நண்டும் கணவாயும் வாங்கி அக்கரையில் கொடுக்கும் சிறு வியாபாரம் அவருடையது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோது, படகை வைத்துப் பிழைக்கும் எல்லோர் முதுகும்தான் ஒடிந்தது. கடனும் இருந்தது. ஆனால் எனக்குக் கடைத்தெருவில் நடந்த அந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேலே காய்ந்த தானியம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம். மதரஸாவில் ஓதும்போது அது தானிய வியாபாரிகளுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். எங்கள் முற்றத்தில் கிடந்த படகுக்குள்ளும் அதே ஈரம் அல்லவா?

“மச்சான், அந்தப் பெடியன்ட பொஞ்சாதியும் ஒரு நாளைக்கு வயித்துப் பிள்ளையோட இதில ஏறுவா” என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. இரவு அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தூங்கவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து வந்தவர், அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். எனக்கு என் உம்மா தந்த காப்பு இரண்டு இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது, குழந்தையின் சட்டைக்குள் முடிந்து புத்தளம் வரை வந்து சேர்ந்த காப்புகள் அவை. அதில் ஒன்றை அடகு வைத்தேன். மனம் வலித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு வந்தவர் காரைநகரிலிருந்து ஒரு வயதான ஓடாவியார். பைபர் வேலை வடக்குக்கு வந்ததே அந்த ஊர் வழியாகத்தான் என்று பெருமையாகச் சொல்வார். குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் என்பவர் 1956இல் நோர்வேக்குப் போய், அந்த நாட்டு மக்களின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் தொடங்கியதுதான் சீநோர். படகும் வலையுமாக எத்தனையோ குடும்பங்களுக்கு அது தொழில் கொடுத்தது. எங்கள் ஓடாவியார் வாலிப வயதில் அங்கே பழகியவர். யுத்தம் அந்தத் தொழிலையும் விட்டுவைக்கவில்லை.

தட்டைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு வியப்பாக இருந்தது: “தங்கச்சி, இதைக் கடல் தின்னேல்லை. மழைதான் தின்டது.” மரத்தை உக்க வைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் பிடிக்காதாம், நல்ல தண்ணீர்தான் பிடிக்குமாம். வாடைக்காற்று மாதங்களில் படகை மூடாமல் முற்றத்தில் போட்டு வைத்தோமே, அந்தப் பாவம்தான்! பன்னிரண்டு மாதம் கடலில் ஓடியிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது என்றார்.

மகன் ஆர்வக் கோளாறில் கிரைண்டரை எடுத்து எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளப் பார்த்தான். ஓடாவியார் அதட்டி நிறுத்தினார். முதலில் பனங்குற்றிகளும் பழைய டயர்களும் வைத்துப் படகை நாலா பக்கமும் ஏந்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். எலும்பை எடுத்த பிறகு ஓடு தன் பாட்டில் தொய்ந்து, தொய்ந்தபடியே புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால், பிறகு அந்தப் படகு ஆயுசுக்கும் நேராக ஓடாது. தட்டை அறுக்கும்போது ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தார்கள், புதுப் பலகை உட்கார ஒரு விளிம்பு வேண்டுமே. சட்டங்களையும் ஒரே நேரத்தில் எடுக்கவில்லை. ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, அது இறுகிய பிறகுதான் அடுத்தது.

தட்டைத் தூக்கியதும் சட்டங்களுக்கு நடுவே மஞ்சள் நுரை. படகு மூழ்காமல் மிதக்கட்டும் என்று கட்டும்போதே ஊற்றியது. கையால் பிழிந்தேன். பாத்திரம் கழுவும் பஞ்சு மாதிரித் தண்ணீர் வடிந்தது! பதினொரு யூரியா உறைகளில் அள்ளிக் கட்டினோம். ஓர் உறையைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. படகு வேகம் போகவில்லை, எண்ணெய் குடிக்கிறது என்று இரண்டு வருடமாக இயந்திரத்தைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். அந்த விலை விற்ற மண்ணெண்ணெயைக் கொட்டி நாங்கள் சுமந்து திரிந்தது மழைத் தண்ணீரைத்தான்.

வெறும் ஓட்டை ஒன்பது நாள் வெயிலில் காய விட்டோம். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது. பிறகு பழைய பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்தார்கள். அந்தத் தூள் பொல்லாதது. கண்ணாடி நார் அல்லவா? மூக்கையும் வாயையும் மூடி, நீளக் கை சட்டை போட்டுத்தான் நிற்க வேண்டும். அரிப்பெடுத்தால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடு தண்ணீர் வேண்டாம். உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். நான் துவைத்துவிட்டுப் பேத்தியின் சீலைத் துணி முழுவதையும் மறுபடி அலச வேண்டியதாயிற்று.

இனி என் பங்கு. சட்டத்தின் அடி, ஓட்டின் வளைவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஓடாவியார் கண் மட்டத்தில் வெட்டப் போனபோது, “ஐயா, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுக்கலாமே” என்று காட்போர்ட் பெட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்தேன். இருபத்தைந்து வருடமாகத் தையல் மெஷினில் இருப்பவள் நான். வெட்டி, வைத்துப் பார்த்து, மீண்டும் வெட்டி, மூன்றாவது தடவையில் வளைவு வந்துவிட்டது. அதைப் பலகைமேல் வைத்துக் கோடு கிழித்தோம். மெற் என்று சொல்லும் கண்ணாடி நார்ப் பாயையும் அகலவாரியாக நானே வெட்டி இலக்கமிட்டேன்.

புதுச் சட்டத்தின் எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய முனைகளும், ரெசின் குடிக்கும்வரை பூச வேண்டும். ஓட்டின்மேல் மரம் நேராக முட்டக் கூடாது. ரெசினில் மாப்பொடி கலந்து, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, அந்தப் படுக்கையில் சட்டத்தை இருத்தினார்கள். மூலையைக் கூராக விடாமல் உருண்டையாக வழித்துவிட வேண்டும். கூரான மூலையில் பாய் படியாது, காற்று நிற்கும். அதற்கு வாகாக ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் என் அகப்பை போயிற்று. அதன்மேல் மூன்று பாய், ஒவ்வொன்றும் முன்னையதைவிட அகலமாக.

ஒரு நாள் நண்பகலில் மகன் அவசரப்பட்டு ஹார்ட்னரைக் கூட ஊற்றிவிட்டான். சில நிமிடங்களில் வாளி புகைந்து, கொதித்து, பிளந்தது. சதவீதம் ஒன்றோ இரண்டோதான் சேர்க்க வேண்டியது. எங்கள் வெயிலுக்கு அதிலும் குறைவாக. மறுநாளிலிருந்து சுபஹு முடிந்த கையோடு வேலை. சகோதரிகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள்: அந்த ஹார்ட்னர் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசினை விரைவில் இறுக வைக்கும் ஊதா நிறக் கோபால்ட்டோடு அது நேரே கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நுரையை மறுபடி ஊற்றவில்லை. இறுக மூடிய பிளாஸ்டிக் கான்களை அசையாமல் அடுக்கி, திறந்து பார்க்கத் தட்டில் மூடி ஒன்றும் வைத்தார்கள். சட்டங்களின் ஊடே தண்ணீர் ஓடப் போட்ட துளைகளில் பிவிசி குழாய்த் துண்டு செருகினார்கள். திருகாணி போட வேண்டிய இடத்தில் பெரிய துளையிட்டு, ரெசினால் அடைத்து, அது இறுகிய பிறகு அதற்குள் சிறு துளை. இப்போது திருகாணி மரத்தைத் தொடுவதே இல்லை.

மார்ச் கடைசியில் நோன்பு தொடங்க இருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு படகு கடலில் இறங்கியது. வெறுங்காலோடு நான் ஏறி, அதே இடத்தில் வலது காலை வைத்தேன். சிமெந்துத் தரை மாதிரி இருந்தது. முன்னர் இரண்டு பயணத்துக்குப் பிடித்த எண்ணெயில் இப்போது மூன்று போகலாம் என்று என் கணவர் கணக்குச் சொல்கிறார். காப்பை மீட்க ஒரு வருடம் பிடித்தது.

அந்த இளைஞர் வேறொரு படகு வாங்கினார். வாங்குமுன் என் கணவரைக் கூட்டிப்போனார். சுத்தியலும் கொண்டுபோனார்களாம். மூன்று படகுகளைத் தட்டிவிட்டு நான்காவதை வாங்கினார்கள்.

இதை எழுதும்போது வாடை மழை இரைகிறது. படகின்மேல் தறப்பாள் கட்டியாயிற்று. அடைப்பானைக் கழற்றிவிட்டானா என்று மகனைக் கேட்டேன். கழற்றிவிட்டேன் என்கிறான். எதற்கும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.