ஷெமிட்டாவும் தள்ளுபடியும்

கடன் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் எப்போதாவது ஒரு வார்த்தை எட்டிப் பார்க்கும்: ஷெமிட்டா. எபிரேயச் சொல். யூத மறைநூல் சொல்லும் ஏழாம் ஆண்டு அது. அந்த ஆண்டில் நிலத்தை உழாமல் தரிசாகப் போட வேண்டும். ஆண்டு முடியும்போது ஒருவருக்கொருவர் கொடுத்த கடன் ரத்து! கடைசியாக வந்தது 2021 செப்டம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை. அடுத்தது 2028-29இல்.

ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்காமல் 'ஷெமிட்டா இயர்' என்றே எழுதிவிடுகிறார்கள். தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு வேறு மாதிரி. ஏழாம் ஆண்டுக் கடன் ரத்தை 'விடுதலை' என்று தமிழாக்கிவிட்டு, ஐம்பதாம் ஆண்டை மட்டும் 'யூபிலி' என்று அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அர்த்தம் புரியாத வார்த்தை எங்க ஊருக்கும் புதுசில்லை. மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்கு மகேந்திரவர்மன் கல்வெட்டில் வைத்த பெயர் 'லக்ஷிதாயதனம்'. லக்ஷிதன் அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று, ஆயதனம் என்றால் கோயில். புரியாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கடன் விஷயத்தில் வார்த்தை அப்படியில்லை நண்பர்களே!

எங்க பெரியப்பா மல்லாட்டை போட பயிர்க்கடன் வாங்கியவர். ஒருநாள் பேப்பரைக் காட்டி, "ஏன்டா, கம்பெனிக்காரனுக்கெல்லாம் இத்தன கோடி தள்ளுபடியாம். என்னோட கடன் மட்டும் ஏன் ஆவல?" என்றார். பி.காம் படிக்கிறவன்தானே பதில் சொல்ல வேண்டும்!

ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வார்த்தைகள் உண்டு. 'ரைட் ஆஃப்' என்றால், வராது என்று தெரிந்த கடனை வங்கி தன் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து நீக்குவது. வாங்கியவர் இன்னும் கடனாளிதான், வசூல் நடவடிக்கை தொடரலாம். 'வெய்வர்' என்றால் கடனே கிடையாது, ஆள் தப்பித்தார். தமிழ்ப் பத்திரிகைகளில் இரண்டும் பெரும்பாலும் 'தள்ளுபடி'. போதாததற்கு ஆடி மாசம் ஜவுளிக்கடையிலும் அதே தள்ளுபடி! 2008இல் மத்திய அரசு அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடி இரண்டாவது ரகம். 2021இல் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் அப்படித்தான். கம்பெனிகளுக்கு என்று பெரியப்பா படித்தது முதல் ரகம். இதைச் சொன்னதும், "அப்ப அவனும் கட்டணுமா? கட்டுறானா?" என்றார். நல்ல கேள்வி. வசூலாவது சொற்பம்தான்.

ஷெமிட்டாவிலும் சிக்கல் வந்தது. ஏழாம் ஆண்டு நெருங்கினால் எவன் கடன் கொடுப்பான்? ஏழைகளுக்குக் கைமாற்றுகூட கிடைக்கவில்லை. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் என்ற யூத அறிஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதாக ஒரு பத்திரம் எழுதிவிட வேண்டும். தனிமனிதர் கடன்தான் ரத்தாகும், நீதிமன்றத்தின் கையில் இருப்பது ஆகாது. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் 'புரோஸ்பூல்'. ஆங்கிலத்தில் இதையும் மாற்றாமல், 'புரோஸ்பூல் எழுதினார், கையெழுத்திட்டார்' என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அங்கே ரத்தானது தனியாரிடம் வாங்கிய கடன். இங்கே 2008, 2021 தள்ளுபடிகள் தொட்டது வங்கி, கூட்டுறவுக் கடன்களை மட்டுமே. வட்டிக்காரரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தவர் அப்படியே நின்றார். வங்கிக்குள்ளேயே நுழைய முடியாத குத்தகைதாரரும் கூலிக்காரரும்தான் அவரிடம் போகிறவர்கள்.

ஷெமிட்டாவைத் தமிழில் அப்படியே எழுதலாம், 'ஷெமிட்டாவில்', 'ஷெமிட்டாவுக்கு' என்று வேற்றுமை உருபும் தாராளமாக ஒட்டும். ஆனால் எனக்குப் பிடித்தது அந்தப் பழைய 'விடுதலை'தான். வெய்வருக்குக் 'கடன் விடுதலை', ரைட் ஆஃபுக்குக் 'கணக்கு நீக்கம்' என்று பத்திரிகைகள் பிரித்து எழுதினால், யார் தப்பித்தார், யார் மாட்டினார் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடும். இதைவிட நல்ல வார்த்தை உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், பெரியப்பாவிடம் சொல்லிப் பார்க்கிறேன்.